மானுக்கு ஏது பொக்கற்?

அன்புவழிபுரம்,
திருகோணமலை.
ஞாயிறு பின்னேரம்.

என்றும் என் மதிப்புக்குரிய கந்தளாய் அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் சிவபாதம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கோணேசப் பெருமான் துணையால் நானும் மனைவி கோணேஸ்வரியும் இங்கு சுகம். அங்கே நீங்களும், அக்காவும், அக்காவின் முழங்காலும், எருமைகளும், குளத்துத் தண்ணீரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுகிறேன். நான் சுகம் என்று எழுதியது கடிதம் எழுதும் முறைக்காக. உண்மை நிலவரம் கீழே வருகிறது. அதை வாசிக்கும்போது அக்காவை ஏதாவது சாட்டுச் சொல்லிக் குசினிப் பக்கம் அனுப்பிவிடுங்கள்.

போன் இருக்கும்போது இவனுக்கு ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போன மாதம் நீங்கள்தானே சொன்னீர்கள், "வேலை முடிஞ்சு வீட்டை வந்தால் போனைத் தொடாதை, உன்ர முதல் வருத்தம் அதுதான்" என்று. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரியின் வாய்ச்சொல் என்றால் கோணேஸ்வரிக்கு வேதவாக்கு. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போனை வாங்கி அரிசி வாளிக்குள் புதைத்துவிடுகிறாள். அரிசிக்குள் கிடந்தும் அது 'டிங், டிங்' என்று முனகும். எங்கள் மனேஜர் லதீசன் ஆரம்பித்த வட்சப் குரூப் அது. முன்பென்றால் வாளி காலியாகி போன் தானாக வெளியே வந்திருக்கும். இப்போது நீங்கள் சோற்றைக் குறைக்கச் சொன்னதால் வாளி எப்போதும் நிறைந்தே இருக்கிறது. ஆகவே கடிதம்.

உங்கள் இரண்டாவது புத்திமதி, மனம் பதறினால் கண்ணை மூடிக்கொண்டு அமைதியான தண்ணீரை நினைக்கச் சொன்னது. அத்தான், நான் தண்ணீரில்தான் வேலை செய்கிறேன். கண்ணை மூடினால் வருவது எங்கள் உட்துறைமுகம், அதில் எங்கள் கொம்பனியின் இறங்குதுறை, அங்கே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் லதீசன். சரி, கடல் வேண்டாம், குளத்தை நினைப்போம் என்று கந்தளாய்க் குளத்தை நினைத்தேன். நல்ல அமைதியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் நடுக்குளத்தில் ஒரு வள்ளம் வந்தது. அதிலும் அவர்தான் இருந்தார்.

அவரைக் குற்றம் சொல்லவில்லை. (கொஞ்சம் பொறுங்கள், சொல்லத்தான் போகிறேன்.) நங்கூரம் போட்ட கப்பல்களுக்கு ஆட்களையும் கடதாசிகளையும் மரக்கறிக் கூடைகளையும் கொண்டுபோகும் சின்னப் படகு என்னுடையது என்பது உங்களுக்குத் தெரியும். கொம்பனியின் படகுதான், ஆனால் சுக்கான் என் கையில் இருக்கும்வரை அது என்னுடையது. விடியற்காலையில் இறங்குதுறையை விட்டுத் திரும்பும்போது தண்ணீர் ஆறின பால் போல ஏடு கட்டிக் கிடக்கும். கப்பல்கள் இன்னும் எழும்பாத வீடுகளாக நிற்கும். அந்த நேரத்தில் எனக்கு வயதுமில்லை, வருத்தமுமில்லை, பென்சனைப் பற்றிய யோசனையுமில்லை. கோணேஸ்வரி கேட்டால் கோவிப்பாள், ஆனாலும் எழுதுகிறேன்: என் சீவியத்தில் அதைவிடப் பெரிய சந்தோசம் ஒன்றும் இல்லை.

அதனால்தான் என் சீனி வருத்தத்தை வேலை இடத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கு முதல் அந்தப் படகை ஓட்டியவர் அபூதாஹிர் நானா. அவருக்குப் பிரஷர் என்று தெரிந்த கிழமையே கொண்டுபோய் ஸ்டோரில் கயிறு பார்க்க வைத்துவிட்டார்கள். ஸ்டோருக்கு யன்னல் கூட ஒழுங்காக இல்லை. சுவரில் ஒரு வெடிப்பு இருக்கிறது, அதற்கு நேரே கதிரையையும் மின்விசிறியையும் போட்டுக்கொண்டு இருக்கிறார். "எனக்கு ஒரு கொறையும் இல்ல தம்பி. காத்தாடி இருக்கு, கதிர இருக்கு. கடல்தான் கொஞ்சம் தூரமாப் போயித்து" என்றார் ஒருநாள். அன்றிலிருந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தொடங்கினேன். சோற்றையும் குறைத்துவிட்ட மனிதனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

வருத்தம் இல்லை என்று காட்ட வேண்டுமென்றால் வருத்தம் இல்லாதவன் போலச் சாப்பிட வேண்டும் அத்தான். எங்கள் இறங்குதுறையில் தேத்தண்ணி ஊற்றுவது பல்கீஸ் தங்கச்சி. நாங்கள் தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று கலந்து வேலை செய்கிற இடம். அங்கே நீட்டிய கோப்பையை ஒருவன் வேண்டாம் என்றால் அவன் தேத்தண்ணியைத்தான் வேண்டாம் என்கிறான் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். கையை வேண்டாம் என்கிறான் என்றுதான் நினைப்பார்கள். லதீசன் வந்த முதல் நாளே அந்தப் பிழையைச் செய்தார். பல்கீஸ் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு புதுக் கோப்பையில் கொண்டுபோய் நீட்டினாள். அவர் லப்டொப்பை விட்டுத் தலை நிமிராமல், "பழக்கமில்லை" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே இறங்குதுறை முழுக்கக் கதை பரவிவிட்டது: எங்கட கையால் வாங்கிக் குடிக்காத பெரிய மனிசன் வந்திருக்கிறார். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல், பெருநாளுக்கு வட்டிலப்பம், சித்திரைக்குக் கொக்கிஸ் பலகாரம், ஒன்றையும் தொடமாட்டார். பதினொரு மணியானால் அறைக் கதவைப் பூட்டிக்கொள்வார். கொழும்புக்கு எங்களைப் பற்றிக் கோள் சொல்கிறார் என்று கேள்வி.

அந்த மனிதனைப் போல நானும் பெயர் எடுக்கலாமா? எடுக்கக் கூடாது என்று நீட்டியதெல்லாம் வாங்கினேன். "அண்ணன், நீங்கதான் மொகத்தச் சுளிக்காமக் குடிக்கிற, உங்களுக்கு ரெண்டு கரண்டி கூடப் போட்டிருக்கன்" என்பாள் பல்கீஸ். வாங்கிக்கொண்டு போய்ப் படகின் மறுபக்கத்தால் கடலில் ஊற்றுவேன். கொஞ்ச நாளில் தேத்தண்ணி நேரத்துக்கு மீன்கள் படகைச் சுற்றி வந்து நிற்கத் தொடங்கின. ஆடி அசைந்து ஆறுதலாகத்தான் நீந்தின, பாவங்கள். அவற்றுக்கும் கிளினிக் துண்டு கொடுக்க வேண்டி வரும் என்று நினைத்தேன். யாராவது பக்கத்தில் நின்றால் ஊற்ற ஏலாது, குடிக்கத்தான் வேண்டும்.

இதற்குள் லதீசன் எங்கள் மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு கருத்தரங்கு வைத்தார். சனிக்கிழமை வைத்தார். லீவு நாளில் கூப்பிட்டதால் வந்த அழுத்தத்தோடு எல்லோரும் போனோம். கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மா, "கண்களை மூடிக்கொள்ளுங்கள், நீங்கள் ஒரு கடற்கரையில் இருக்கிறீர்கள்" என்றார். யன்னலுக்கு வெளியே கடற்கரைதான் இருந்தது. ஆனாலும் மூடினோம். அபூதாஹிர் நானா குறட்டை விட்டார். முடிவில் ஐசிங் பூசின கேக் வந்தது. எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்த லதீசன் தனக்கு மட்டும் எடுக்கவில்லை. "அண்ணை, ஸ்ட்ரெஸ் எடுக்காதேங்கோ" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார். தட்டிய இடம் இரண்டு நாளாக இறுகியிருந்தது.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். புதனன்று அபூதாஹிர் நானாவுக்குப் பேரன் பிறந்து ஸ்டோரில் கருப்பட்டி போட்ட வட்டிலப்பம் கொடுத்தார்கள். யன்னல் இல்லாத மனிதனுக்கு வந்த சந்தோசம், எப்படி மறுப்பது? இரண்டு துண்டு சாப்பிட்டேன். அதற்குப் பரிகாரமாக வியாழன் காலையில் இரண்டு குளிசை போட்டேன். ஒன்று எனக்கு, ஒன்று வட்டிலப்பத்துக்கு. உங்கள் முகம் இப்போது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும் அத்தான். கொஞ்சம் பொறுங்கள், இதைவிட மோசம் வருகிறது.

மத்தியானம் படகை இறுக்கிக் கட்டிவிட்டு, சோற்றுப் பார்சலை இறங்குதுறைக் கட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் ஒரு புள்ளிமான் நின்று சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊர் மான்களைத் தெரியும்தானே, கோட்டையடியிலிருந்து இறங்கி ரோட்டுக்கும் கடைக்கும் பஸ் நிலையத்துக்கும் ஆட்களைப் போலவே போய் வரும். உள்ளே இருந்தது என் சீனிக்கென்று கோணேஸ்வரி அவித்த குரக்கன் பிட்டும் முருங்கையிலைச் சுண்டலும். அவ்வளவு காலத்தில் அந்தப் பிட்டை விரும்பிச் சாப்பிட்ட முதல் சீவன் அதுதான். விரட்ட மனம் வரவில்லை. அதோடு, சாப்பிடாவிட்டால் சீனி குறையும்தானே, நல்லதுக்குத்தான் என்றும் நினைத்தேன். இந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு என்னைத் திட்டி முடித்துவிட்டு மிச்சத்தை வாசிக்கவும்.

படகில் ஏறிச் சுக்கானடியில் இருந்தேன். வேர்த்தது. கை நடுங்கியது. நெஞ்சு படபடத்தது. சீனி இறங்கினால் இப்படித்தான் வரும் என்று நீங்கள் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் மனேஜரின் குரூப்பைத் திறக்கும்போதும் எனக்கு அதே வேர்வை, அதே நடுக்கம், அதே படபடப்புத்தான். எது எதனால் வருகிறது என்று உடம்பே குழம்பிப்போனால் மனிதன் என்ன செய்வான்?

பிறகு எல்லாம் மெதுவாகிவிட்டது. பயம் போய்விட்டது. எஞ்சின் போடாமலே படகு துறையை விட்டு நழுவியது. தண்ணீரில் ஒரு சுருக்கமும் இல்லை. கப்பல்கள் நகர்ந்து நகர்ந்து எனக்கு வழிவிட்டன. துறைமுகத்துக்குள் கிடக்கும் சோபர் தீவு கொஞ்சத் தூரம் என்னோடு கூடவே வந்துவிட்டு நின்றுவிட்டது. கோயில் மணி எங்கேயோ கேட்டது, காதால் கேட்கவில்லை, உள்ளங்கையால் கேட்டது. அபூதாஹிர் நானா காத்தாடியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்கு மேலே நடந்து போனார். "கடல் கிட்டத்தான் இரிக்கி தம்பி" என்றார். எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது. அப்போதுதான் முன்பலகையில் ஒரு மான் வந்து இருந்தது. நல்ல கொம்பு. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, அளவெடுத்து வைத்ததுபோல வரிசை வரிசையாக.

"வாங்கோ ராசா, இருங்கோ" என்றேன்.

"அண்ணை, ஏன் இப்பிடி வேர்க்குது?" என்று மான் கேட்டது.

"எனக்குச் சீனி. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. முக்கியமா அந்த லதீசனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"அவருக்குச் சொன்னால் என்ன?"

"சுக்கானைப் பறிச்சுப்போடுவான். இவ்வளவு சனம் அன்பா நீட்டுற கோப்பையைத் தள்ளுறவனுக்கு மனம் எண்டு ஒண்டு இருக்குமே?"

மான் தலையைக் குனிந்துகொண்டது. பாவமாக இருந்தது. எழும்பிப் போய் அதன் தலையைத் தடவிவிட்டேன். மயிருக்கு எண்ணெய் வைத்திருந்தது.

"கடைசியா எப்ப சாப்பிட்டனீங்கள்?" என்று அது கேட்டது.

"இது நல்ல கதையா இருக்கே! என்ர பிட்டைத் திண்டதே நீங்கள்தானே!"

அதன்பிறகு அந்த மான் என் கையைப் பிடித்து விரல் நுனியில் சுருக்கென்று ஒரு கடி கடித்தது. எதையோ உற்றுப் பார்த்தது. பிறகு பொக்கற்றுக்குள் கைவிட்டு ஒரு டொபியை எடுத்துத் தாளை உரித்து என் வாயில் வைத்து, "சப்புங்கோ, விழுங்காதேங்கோ" என்றது. இன்னொன்றும் தந்தது. "மானுக்கு ஏது பொக்கற்?" என்று கேட்டேன். அது கரைப் பக்கம் திரும்பி, "பல்கீஸ் அக்கா, தேத்தண்ணி! கெதியா! சீனி நல்லாப் போட்டு!" என்று கத்தியது.

தேத்தண்ணி உள்ளே இறங்க இறங்க மானின் கொம்பு தலையில் தூக்கிவிட்ட கறுப்புக் கண்ணாடியாயிற்று. புள்ளி, சேர்ட்டில் இருந்த புள்ளியாயிற்று. படகு கட்டிய கயிற்றில் கட்டியபடியே இருந்தது. ஒரு முழம்கூட அசையவில்லை. என் முன்னால் லதீசன் முழங்காலில் இருந்தார், தலைமயிர் கலைந்து, என் வேர்வையும் தேத்தண்ணியும் பட்டுச் சேர்ட் நனைந்து. கோப்பை அவர் கையில் இருந்தது. பல்கீஸின் கையிலிருந்து அவர் வாங்கிய முதல் கோப்பை அது. அவளோ அழுதுகொண்டு நின்றாள். "அண்ணன், இவ்வளவு நாளும் நான் உங்களுக்கு நஞ்சயா ஊத்தினன்?" என்றாள். அந்தக் கூடுதல் இரண்டு கரண்டிதான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது என்று சொல்ல வாய் வரவில்லை.

லதீசன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் திட்டும்போது பக்கத்தில் நின்று தனக்குத் திட்டு விழுகிற மாதிரித் தலையாட்டினார். பிறகு வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "திங்கட்கிழமை காலமை என்ர அறைக்கு வாங்கோ. அதுமட்டும் படகைத் தொடாதேங்கோ" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதன் பொக்கற்றில் டொபி வைத்திருப்பது ஏன் என்று நானும் கோணேஸ்வரியும் யோசித்துப் பார்த்தோம். பெரிய கப்டன்மாரின் பிள்ளைகளுக்குக் கொடுத்துக் காரியம் பார்ப்பதற்காக இருக்கும் என்று முடிவெடுத்தோம்.

ஆகவே அத்தான், முடிவு இதுதான். அவர் என்னைத் தூக்கி ஸ்டோரில் வைக்க முதல் நானே வேலையை விட்டுவிடுகிறேன். அபூதாஹிர் நானாவின் வெடிப்புக்குள்ளால் இரண்டு பேர் பார்க்க ஏலாது. உங்கள் பின்பக்க அறையைத் துப்புரவாக்கி வையுங்கள். எருமைகளை மேய்க்கிறேன், குளத்தில் ஒரு சின்ன வள்ளம் கிடைத்தால் ஓட்டுகிறேன். நேற்று விடிய எழும்பி, போக இடமில்லாமல் வாசற்படியில் இருந்தேன். துறைமுகப் பக்கம் ஒரு எஞ்சின் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. என் படகோ தெரியாது. பயமாக இருக்கிறது அத்தான். சீனிக்கு நான் இவ்வளவு பயந்ததில்லை.

அக்காவுக்கு என் அன்பு. முழங்காலுக்கு எண்ணெய் பூசச் சொல்லவும். எருமைகளுக்கு என் வருகையை முன்கூட்டியே தெரிவித்து வைக்கவும். உங்களுக்கு நீண்ட ஆயுளும் எனக்குத் திட்டுக் குறைவும் கிடைக்கக் கோணேசர் அருளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் கேட்டும் கேளாத மைத்துனன்,
சிவபாதம்

பி.கு. (வியாழன் பின்னேரம்): அறையைத் துப்புரவாக்க வேண்டாம். நான் வரவில்லை. கிளினிக்கில் சீனி ஒழுங்காக நிற்கிறது என்று துண்டு தரும்வரை எங்கள் மற்றப் படகோட்டி நிப்றாஸ் சுக்கான் பிடிப்பார். நான் பக்கத்தில் இருந்து அவருக்கு எரிச்சல் கொடுப்பேன். பிறகு டொக்டர் சரி என்றால் சுக்கான் என் கைக்குத் திரும்பி வரும். பதினொரு மணிக்குப் பலகாரமில்லாத ஒரு சாப்பாட்டு இடைவேளை எல்லோருக்கும் கட்டாயம் என்று லதீசன் குரூப்பில் போட்டிருக்கிறார். பல்கீஸ் இப்போது சீனிப் போத்தலைத் தனியாக வைத்துவிட்டு ஆளாளுக்குக் கேட்டுத்தான் ஊற்றுகிறாள். மீன்கள்தான் கோவத்தில் இருக்கின்றன.

லதீசனைப் பற்றி மேலே எழுதியதில் தேத்தண்ணி, கேக், மனம் சம்பந்தமான பகுதிகளை நீங்கள் வாசிக்கவேயில்லை என்று வைத்துக்கொள்ளவும். கிழித்துவிட்டுத் திருப்பி எழுதப் பஞ்சியாக இருக்கிறது. பூட்டிய அந்தக் கதவைத் திங்கட்கிழமை உள்ளே இருந்து பார்த்தேன். இளம் வயது, புது வேலை, கொழும்பில் தெரிந்தால் கதிரை போய்விடுமாம். நான் எல்லாவற்றையும் வாங்கிக் கெட்டேன். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் மறுத்துக் கெட்ட பெயர் எடுத்திருக்கிறது. இதற்கு மேல் எழுத மாட்டேன். ஒருவருக்கும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நாளைக்கு அவர் கொழும்புக்குப் போகும் வழியில் கந்தளாயில் இறங்கி இந்தக் கடிதத்தைத் தன் கையாலேயே உங்களிடம் தருவார். சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறேன், வாசிக்க மாட்டார். புள்ளிச் சேர்ட்டாகத்தான் இருக்கும். அக்கா முட்டித் தயிரும் அதற்கு ஊற்றுகிற இனிப்புப் பாணியும் கொண்டுவந்து முன்னால் வைப்பா. அவர், "பழக்கமில்லை" என்பார். அக்காவைக் கோவிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பாணியை எடுத்துவிட்டுத் தயிரை மட்டும் இன்னொருதரம் நீட்டச் சொல்லுங்கள்.